நடக்கிற வயசும் முப்பத்தோராம் எண்ணும்

எங்கள் மருமகள் ஞானஸ்நானம் பெற்றவள் அல்ல. ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற அத்தனை பேரையும் கொம்பியூட்டரில் ஒழுங்காக வைத்துத் தந்தவள் அவள்தான். பூசை முடிந்து வாசலில் நிற்கிற பெண்களிடம் இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "போதுமப்பா, ரேடியோ மாதிரி" என்பார் என் கணவர். ஆண்டவர் வீட்டுக்குள் அனுப்பிய நன்மையை வாய் திறந்து சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

அவள் வெள்ளவத்தைப் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துச் சைவர். மூன்று வருடங்களுக்கு முன் ஆயரின் அனுமதி எடுத்து, எங்கள் கோயிலிலேயே என் மகனுக்குக் கட்டி வைத்தோம். எங்கள் வீட்டு ஹோலின் நடுவே பலகைப் பாட்டிஷன் அடித்துத்தான் அவர்களுக்கு அறை ஆக்கினோம். கிழமையில் மூன்று நாள் அவள் அந்த அறைக்குள் இருந்தே கம்பனி வேலை செய்வாள். என்ன வேலை என்று கேட்டால் "டேட்டாபேஸ், மாமி" என்பாள். முதல் வருடம் எனக்கு அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பூசைக்கு வருவாள், நற்கருணை எடுக்காமல் வாங்குப் பலகையிலேயே இருப்பாள். தாய் வீட்டுக்குப் போய் வருகிற நாட்களில் நெற்றியில் திருநீறு இருக்கும். நான் ஒன்றும் கேட்டதில்லை. கும்பிடத் தெரிந்த பிள்ளை, அது போதும்.

எங்கள் ஃபாதர்தான் வேலையைத் தொடக்கி வைத்தார். பங்கில் ஞானஸ்நானப் புத்தகங்கள் நூறு வருடத்துக்கு மேலாகக் கிடக்கின்றன. பாடசாலைக்கு, வெளிநாட்டுக்கு, கலியாணத்துக்கு என்று ஆட்கள் பத்திரம் கேட்டு வருவார்கள். அவர் ஒவ்வொரு தரமும் அலுமாரியைத் திறந்து, துறைமுகக் காற்றில் உப்புப் பிடித்து அப்பளம் மாதிரி நொறுங்குகிற பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். பரிமாறிக்கொண்டிருந்த மருமகள், "நான் செய்து தரட்டோ ஃபாதர்?" என்றாள்.

செய்தி வெளியே போனதும் ஒருத்தி கோயில் வாசலில் வைத்தே கேட்டாள். "திருநீறு பூசுற பிள்ளைக்கு எங்கட ஞானஸ்நானப் புத்தகத்தில என்ன வேலை?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஃபாதர் பக்கத்தில்தான் நின்றார். "நோவாவின்ர பேழைக்கு ஆணி அடிச்சவங்கள் எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தவங்களோ அம்மா?" என்று கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்தார். அதோடு கதை முடிந்தது.

ஒழுங்கு போட்டது மருமகள். அடித்தது நான். நான் ஓ.எல். வரைதான் படித்தவள், அதிலும் கணக்குப் பாடத்தில் சித்தி இல்லை, ஃபெயில். ஆனால் கலியாணத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் மூன்று வருடம் தட்டச்சுச் செய்தேன். விரல் அதை மறக்கவில்லை. காலைப் பூசை முடிய பங்குக் கந்தோருக்குப் போவேன், சிலுவை அடையாளம் போட்டுவிட்டு லாப்டொப்பைத் திறப்பேன், மத்தியான மணி அடிக்கும்வரை அடிப்பேன். ஒருவருக்கும் அவசரம் இல்லை. அந்தப் பெயர்களை அடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்காகவும் மனதுக்குள் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல ஆசைப்பட்டேன். முதல் கிழமையிலேயே முடியாது என்று விளங்கிவிட்டது. பக்கத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டேன்.

தொடங்குவதற்கு முன் மருமகள் என்னைச் சாப்பாட்டு மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசத்துப் புத்தகத்தையும் தனித்தனி அறையா வைக்கிறன், மாமி. பாட்டிஷன். நீங்கள் ஒரு வருசத்தை அடிச்சு முடிச்சு, ஃபாதர் பார்த்து சரியெண்டு சொன்னாப் பிறகுதான் அந்த அறையைப் பெரிய வீட்டோட சேர்ப்பன்."

"எங்கட ஹோல் மாதிரி."

"ஓம், எங்கட ஹோல் மாதிரி. ஆனா குறட்டைச் சத்தம் கேக்காது."

"ஆர் குறட்டை?"

"உங்கட மகன்தான், வேற ஆர்?"

பிறகு விவாகப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குக் கலியாணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்தின் ஓரத்தில் அதைக் குறித்து வைக்க வேண்டும். விவாகப் புத்தகத்திலும் மணமக்களின் ஞானஸ்நான எண்ணை எழுத வேண்டும். இந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆள் அந்தப் புத்தகத்திலும் இருக்கிறாரா என்று எப்போதும் பார்க்கலாம். இதையே அவள் கொம்பியூட்டரில் ஒரு பூட்டாகப் போட்டிருந்தாள். அதற்குப் பெயர் ஃபொறின் கீயாம். கலியாண வரியில் நான் ஒரு ஞானஸ்நானத்தைக் காட்டினால், அப்படி ஒரு ஞானஸ்நானம் உண்மையிலே இருக்க வேண்டும். இல்லாத ஆளைக் காட்டினால் அந்த வரியை ஏற்றுக்கொள்ளாது. கலியாணம் காட்டுகிற ஞானஸ்நான வரியை யாராவது அழிக்கப் போனாலும் விடாது.

"ஆனா எண் மட்டும் போதாது மாமி. எங்கட புத்தகத்தில வருசா வருசம் ஒண்டில இருந்துதானே தொடங்கிறது? எல்லா அறையிலயும் ஒரு முப்பத்தோராம் எண் இருக்கும். அதால வருசமும் எண்ணும் ரெண்டும் தரோணும். இல்லாட்டி ரெண்டையும் வெறுமையா விடோணும். ஒண்டை மட்டும் தந்தா எடுக்காது."

"வெறுமையா விடலாமோ?"

"விடலாம். வேற பங்கில ஞானஸ்நானம் எடுத்தவை இருப்பினம். ஞானஸ்நானமே எடுக்காத ஆக்களும் இருப்பினம்" என்று சொல்லித் தன்னைத்தானே விரலால் தொட்டுக் காட்டினாள். "பக்கத்தில குறிப்புப் பெட்டி ஒண்டு வச்சிருக்கிறன். தெரிஞ்சதை அதில எழுதிவிடுங்கோ."

எல்லாம் விளங்கியது. விளங்கியும் பிழை செய்தேன். அந்தப் பிழையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விவாகப் புத்தகங்களில் ஒன்று எனக்குப் பெரும் சோதனையாக வந்தது. அதை எழுதியவர் யாரோ, சரிந்த அழகான எழுத்து. ஆனால் ஞானஸ்நான எண்ணை எழுதுவார், வருடத்தை எழுதமாட்டார். ஒரு மணமகளுக்கு '31' என்று இருக்கும், அவ்வளவுதான். மருமகள் சொன்னபடி என்றால் இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டு, '31' என்பதைக் குறிப்புப் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கோயில் தொட்டியில் தலை நனைந்த ஒரு பிள்ளையை, எண்ணும் கையில் இருக்க, எப்படி வெறுமையாக விடுவது? ஞானஸ்நானம் இல்லாதவள் மாதிரி அல்லவா தெரியும்?

அந்தப் புத்தகத்தில் மணமகளின் வயது இருந்தது. கலியாணம் நடந்த வருடத்திலிருந்து வயதைக் கழித்தேன். வந்த வருடத்தை அடித்தேன். அந்த வருடத்தின் முப்பத்தோராம் எண்ணை எடுத்துப் பெயரைப் பார்த்தேன். பெயர் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் ஒரு வருடம் முன்னே பின்னே பார்ப்பேன். இப்படி அறுபத்துநான்கு வரி. ஒவ்வொரு தரமும் பூட்டு திறந்து வரியை உள்ளே எடுத்தபோது எனக்கு எவ்வளவு பெருமை! கணக்கில் சித்தி இல்லாதவள் கணக்குப் போட்டு ஆளைப் பிடிக்கிறாளே என்று. மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

புத்தகங்களை அடித்து முடித்து ஆறு மாதம் இருக்கும். தவக்காலத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, கலியாணம் பேசியிருந்த ஒரு பெண் பங்குக் கந்தோருக்கு வந்தாள். எனக்குத் தெரிந்த பிள்ளைதான். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். தகப்பன் பாரிசவாதத்தில் கிடந்த வருடங்களெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே வயது போய்விட்டது. இப்போது கிராண்ட்பாஸில் மனைவியை இழந்த ஒரு நல்ல மனிதர் கேட்டு வந்திருந்தார். தவக்காலத்தில் எங்களுக்குக் கலியாணம் இல்லை. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். 'இன்னார் இன்னாரை மணக்க இருக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள்' என்று பூசையில் சொல்வதைத்தான் ஓலை என்போம். விபூதிப் புதனுக்கு முன் மிச்சமிருந்தது மூன்றே ஞாயிறு. முதல் ஓலை நாளை மறுநாள் வாசித்தாக வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு ஞானஸ்நானப் பத்திரம் மட்டும்.

ஃபாதர் பெருமையோடு கொம்பியூட்டரில் தட்டினார். பிறிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளை, உங்களுக்கு முந்தி ஒரு கலியாணம் நடந்ததோ?"

அவள் சிரித்தாள். "எனக்கோ ஃபாதர்? நடந்திருந்தா நான் ஏன் இவ்வளவு வருசமா பஸ்ஸில தொங்கிக்கொண்டு போய் ஆரோ பொம்பிளைகளுக்குக் கூறைச் சாறி விரிச்சுக் காட்டுறன்?"

ஃபாதர் சிரிக்கவில்லை. தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் பெயர், தகப்பன் பெயர், ஞானஸ்நான எண் முப்பத்தொன்று. அதற்குக் கீழே, இதே கோயிலில் பதினைந்து வருடங்களுக்கு முன் யாரோ ஒருவரோடு நடந்த ஒரு விவாகம்.

அலுமாரியைத் திறந்து பழைய புத்தகத்தை எடுத்தார். அவளுடைய பக்கத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது. "ஓரத்தில எழுத மறந்த இடங்கள் இந்தப் புத்தகங்களில நிறைய இருக்குது" என்றார். "வெறுமையா இருக்குது எண்டதை வச்சுக் கலியாணம் நடக்கேல்லை எண்டு நான் சொல்ல ஏலாது." விவாகப் புத்தகத்தையும் எடுத்தார். அதே சரிந்த எழுத்து. மணமகளுக்கு மாதாவின் பெயர், தகப்பனுக்குத் துறைமுகத்துப் பக்கம் கொச்சிக்கடைக் கோயில் புனிதரின் பெயர். எங்கள் பங்கில் அந்த வருடங்களில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர், பாதித் தகப்பன்மாருக்கு இந்தப் பெயர். தாயின் பெயர் எழுத அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. கீழே கையெழுத்து இருந்தது. அவள் அதைச் சுட்டிக் காட்டி, "இது என்ர எழுத்தில்லை ஃபாதர்" என்றாள்.

"நான் உங்களை நம்புறன். ஆனா கையெழுத்து பதினைஞ்சு வருசத்தில மாறும். இது தீராமல் நான் ஓலை வாசிச்சா, நாளைக்கு ஆராவது எழும்பிக் கேட்டா உங்களுக்குத்தான் அவமானம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். "ஆன்ட்டி, மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? ஏற்கெனவே கட்டினவள் எண்டு கோயில் கொம்பியூட்டர் சொல்லுது எண்டோ?"

அந்தச் சரிந்த எழுத்தைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அந்த வரிக்கு வருடம் போட்டவள் நான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பயத்தில், "ஃபாதர், மருமகள் இண்டைக்கு வீட்டிலதான் நிக்கிறா. நான் இவவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் வாய்க்குள் கொச்சிக்கடைப் புனிதரிடம்தான் கேட்டுக்கொண்டு போனேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா?

மருமகள் கம்பனி வேலையை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்தாள். தாளைப் பார்த்தாள், லாப்டொப்பில் எதையோ தட்டினாள். பிறகு மெல்லிய குரலில், "மாமி, இந்த வருசம் புத்தகத்தில எழுதியிருந்ததோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான் வயசைக் கழிச்சுப் போட்டனான். பெயரும் ஒத்துத்தான் வந்தது. பூட்டும் ஏத்துக்கொண்டுது."

வீட்டில் மாமியார் பிழை விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய இடம் அது. அவள் அப்படி நிற்கவில்லை. "பூட்டில பிழை இல்லை மாமி. அந்த அறையில முப்பத்தோராம் எண்ணில ஒரு ஆள் இருக்கோ எண்டுதான் அதுக்குப் பார்க்கத் தெரியும். இருக்குது, விட்டிட்டுது. சரியான ஆளோ எண்டு அதுக்குத் தெரியாது. அது எங்களுக்குத்தான் தெரியோணும்."

அந்தப் பெண் கைக்குட்டையைச் சுருட்டியபடி கேட்டாள். "அப்ப அந்தக் கலியாண வரியை அழிச்சு விடுங்கோ தங்கச்சி. ஒரு நிமிசத்து வேலைதானே?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். அழித்துவிட்டால் என் பிழையும் ஒருவருக்கும் தெரியாது.

"அழிக்கலாம் அக்கா" என்றாள் மருமகள். "ஆனா அது ஆரோ ஒரு பொம்பிளையின்ர கலியாணம். அவவும் உங்களை மாதிரித்தான் ஒருநாள் பத்திரம் கேட்டு வருவா. அப்ப உங்களுக்குக் கலியாணமே நடக்கேல்லை எண்டு அவவுக்குச் சொல்லுவமோ? அவவைத் தேடிப் பிடிப்பம்."

நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். அழுகையை மறைக்க அடுப்படிதான் நல்ல இடம். பின்னால் இவர்கள் பேசுவது கேட்டது.

"அக்காவுக்கு இப்ப எத்தினை வயசு?"

"நாப்பது."

தட்டுகிற சத்தம். "நாப்பதெண்டா கணக்கு ஒத்துவரேல்லையே, இதில நீங்கள் பிறந்ததும் ஞானஸ்நானமும் ஒரே வருசம். நாப்பதைக் கழிச்சா நீங்கள் பிறந்தது இதுக்கு ஒரு வருசம் முந்தியல்லோ போகுது?"

"இல்லையில்லை, முப்பத்தொன்பது முடிஞ்சுது. நாப்பது நடக்குது."

கேத்தல் என் கையிலேயே நின்றுவிட்டது.

நடக்குது. எங்கள் வீட்டில் யார் வயது கேட்டாலும் நடக்கிற வயதுதான் சொல்லுவோம். என் மகனுக்கு முப்பத்திரண்டு முடிந்த அன்று காலையே முப்பத்துமூன்று என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். கலியாணம் எழுத வந்த ஒரு தாயோ தகப்பனோ மேசைக்கு முன்னால் நின்று 'இருபத்திநாலு நடக்குது சுவாமி' என்று சொல்லியிருப்பார்கள். எழுதியவர் இருபத்துநான்கு என்று எழுதியிருப்பார். நான் அதை முடிந்த வயதாக எண்ணிக் கழித்தேன். ஒரு வருடம் முன்னால் போய்விட்டேன். அங்கேயும் ஒரு முப்பத்தோராம் எண், அங்கேயும் மாதாவின் பெயர், தகப்பனுக்கு அதே புனிதரின் பெயர்.

அடுப்படியிலிருந்தே கத்தினேன். "பிள்ளை! அடுத்த வருசத்து அறையைத் திற! முப்பத்தோராம் எண்ணைப் பார்!"

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. "ஐயோ மாமி! எங்கட அம்மாவும் எனக்கு முப்பது நடக்குதெண்டுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறா!" என்றபடி தட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். அடுத்த வருடம், எண் முப்பத்தொன்று. பெண் குழந்தை. மாதாவின் பெயர். தகப்பனின் பெயரும் அதே.

"இது போதுமோ?" என்றாள் அந்தப் பெண்.

"போதாது" என்றாள் மருமகள். "இப்பவும் நாங்கள் ஊகிக்கிறம்தானே. புத்தகத்தைப் பார்ப்பம்."

மூன்று பேரும் த்ரீவீலில் கோயிலுக்குப் போனோம். ஃபாதர் அந்த அடுத்த வருடத்துப் புத்தகத்தை மேசையில் வைத்து விரித்தார். முப்பத்தோராம் எண்ணின் ஓரத்தில், பென்சிலால், கண்ணைப் பக்கத்தில் கொண்டு போனால்தான் தெரிகிற மாதிரி, விவாகத்தின் நாளும் மணமகனின் பெயரும். விவாகப் புத்தகத்தில் இருந்த அதே நாள், அதே பெயர்.

அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

நான் ஃபாதரின் முன்னால் போய் நின்றேன். மனதில் இருந்ததை அப்போதுதான் சொன்னேன். "ஃபாதர், கொம்பியூட்டரில பிழை இல்லை. இந்தப் பிள்ளையிலயும் இல்லை. புத்தகத்தில இல்லாத வருசத்தை நான் என்ர பாட்டில போட்டனான். இது மட்டுமில்லை, அறுபத்துநாலு வரி அப்பிடி இருக்குது."

ஃபாதர் நாட்காட்டியைப் பார்த்தார். "நான் பாவசங்கீர்த்தனம் கேக்கிறது சனிக்கிழமை பின்னேரம்தான் அம்மா. இண்டைக்கு வெள்ளி" என்றார். பிறகு சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

மருமகள் முன்னுக்கு வந்தாள். "மாமியின்ர பிழை மட்டுமில்லை ஃபாதர். அந்த வருசம் புத்தகத்தில இருந்ததோ, நாங்கள் கணக்குப் பார்த்ததோ எண்டு கேட்டு ஒரு பெட்டி நான் வச்சிருக்கோணும். வைக்கேல்லை. வருசம் கட்டாயம் வேணும் எண்டு கேட்டுப்போட்டு, அது எங்க இருந்து வந்தது எண்டு கேக்காம விட்டது நான்தான். அதோட, பிழையைக் கண்டுபிடிச்சதும் மாமிதான்."

என்னை ஒருவரும் இப்படித் தாங்கிப் பேசியதில்லை. என் சொந்தத் தாய்கூட இல்லை.

அந்தக் கந்தோரில் வைத்தே அவள் அந்த வரியின் வருடத்தை மாற்றினாள். ஒரு இலக்கம்தான். ஃபாதர் மறுபடி பிறிண்ட் எடுத்தார். முப்பத்தோராம் எண், அவள் பெயர், தகப்பன் பெயர், கீழே ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தாளை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல், பையில் வைக்காமல், நெஞ்சோடு பிடித்தபடியே பஸ் ஏறினாள். சாறி மடிப்பதே தொழிலாக உள்ளவள் ஒரு தாளை மடிக்கப் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தபோது நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லி நிறுத்திய அந்த இடைவெளியில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு குழந்தை மட்டும் எங்கோ இருமியது. மூன்றாவது ஓலைக்கு அடுத்த நாள், விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை, கலியாணம் நடந்தது. கூறையை அவளே தெரிவு செய்திருந்தாள். அத்தனை வருடம் மற்றவர்களுக்கு விரித்துக் காட்டிய கை தனக்கு விரித்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தத் தவக்காலத்தில் நான் இறைச்சி மட்டுமா ஒறுத்தேன்? மத்தியானத் தூக்கத்தையும் ஒறுத்தேன். மருமகள் புதுப் பெட்டியை வைத்துத் தந்தாள். அறுபத்துநான்கு வரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய புத்தகத்தின் ஓரத்தோடு ஒப்பிட்டேன். இன்னும் மூன்று பேர் வேறு யாரோ ஒருவரின் கலியாணத்தைச் சுமந்துகொண்டு இருந்தார்கள். மூவரையும் இறக்கிவிட்டேன். ஓரத்திலும் ஒன்றும் இல்லாத வரிகளில் வருடத்தையும் எண்ணையும் எடுத்துவிட்டு, குறிப்புப் பெட்டியில் 'எண் மட்டும் உண்டு, வருடம் தெரியாது' என்று எழுதினேன். முதலாவதை எழுதும்போது மனம் கனத்தது. பிறகு கனக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, ஃபாதர் இப்போதைய விவாகப் புத்தகத்தில் புதிதாகச் சேர்ந்ததை அடிக்கத் தந்தார். மருமகளின் கம்பனிக்கு விடுமுறை, அதனால் வீட்டிலேயே வைத்து அடித்தேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கலியாணம். மணமகனுக்கு வேறு பங்கு, இரண்டு பெட்டியும் வெறுமை. மணமகளுக்கு வருடம் அடித்தேன், முப்பத்தொன்று அடித்தேன், புத்தகத்தில் எழுதியிருந்தபடி. பூட்டு ஒரே தரத்தில் ஏற்றுக்கொண்டது.

அந்தப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரி அடிக்க இருந்தது. மூன்று வருடம் முந்திய பக்கம். என் மகனின் கலியாணம். சென்ற வருடமும் இந்தப் புத்தகம் கைக்கு வந்தபோது அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்காமல் தள்ளியிருந்தேன். மகனுக்கு வருடமும் எண்ணும் உண்டு. அவளுடைய பக்கம் இரண்டு பெட்டியும் வெறுமையாக நிற்குமே, அதை என் கையால் எப்படி அடிப்பது என்று. கோயிலுக்கு இவ்வளவு செய்த பிள்ளை, கோயிலின் புத்தகத்தில் ஒரு ஓட்டையாக இருப்பதா என்று எனக்கு ஆற்றாமை.

இப்போது அடித்தேன். மகனின் வருடம், எண். அவளுடைய இரண்டு பெட்டிகளையும் தொடாமல் தாண்டினேன். குறிப்பில் 'சைவம். ஆயரின் அனுமதியுடன்' என்று எழுதினேன். அதுதான் உண்மை. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இந்தப் பங்கின் எல்லா அறைகளையும் கட்டியவளுக்கு அதில் ஒரு அறை வேண்டியதில்லை.

பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டாள். பிறகு குனிந்தாள்.

"மாமி, மணமகளின்ர வயசு இருபத்தேழு எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"புத்தகத்தில அப்பிடித்தான் இருக்குது."

"கலியாணத்தண்டைக்கு எனக்கு இருபத்தாறு. பிறந்தநாள் அதுக்கு முதல் மாசம்தான் முடிஞ்சது."

புத்தகத்தைப் பார்த்தேன். இருபத்தேழு என்றுதான் இருந்தது. அன்றைக்கு வயது கேட்டபோது பெண்ணின் தாய் பூமாலையைச் சரிசெய்துகொண்டு நின்றார். பக்கத்தில் நின்று முந்திக்கொண்டு பதில் சொன்னவள் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"மாத்தட்டோ பிள்ளை?"

"வேண்டாம் மாமி. புத்தகத்தில இருக்கிறதைத்தானே நாங்கள் அடிக்கோணும்?" என்று சொல்லிக் கோப்பையை என் பக்கத்தில் வைத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

வயதை அப்படியே விட்டேன். குறிப்புப் பெட்டிக்குப் போய், ஆயரின் அனுமதிக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன். 'நடக்கிற வயது. சொன்னவர் மாமியார்.'